பேரத்துக்குச் செய்த போன்

போன் தொழிற்சாலையில் அவளுக்குச் சம்பந்தியம்மா என்று பெயர். வைத்தது கேன்டீன்காரர். வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடப்பாள். திரை மங்கல், பட்டன் இறுக்கம், ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று எதையாவது நொட்டை சொல்வாள். ஆனால் சம்பளம் வாங்குவது வேறு கம்பெனியில். "பெண்ணைக் கட்டிக் கொடுத்துட்டு அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கற சம்பந்தி மாதிரியே இருக்கு" என்று அவர் ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் கோபமில்லை. "சம்பந்தின்னா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணுமா என்ன? இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுங்க" என்றாள்.

அவள் வேலை செய்த கம்பெனி போன் செய்வதில்லை. போனுக்குள் ஓடும் மென்பொருளைத்தான் செய்தது. ஊரில் யார் சட்டைப்பையைத் தடவினாலும் இரண்டு பெரிய கம்பெனிகளின் மென்பொருளில் ஒன்றுதான் இருக்கும். இவர்களுடையது மூன்றாவது. இலேசானது, சுறுசுறுப்பானது, பார்க்கவும் லட்சணமானது. என்ன இருந்து என்ன? யாராவது ஒரு போன் செய்து அதற்குள் இதைப் போட்டால்தானே மக்கள் கைக்குப் போகும். போன் செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து, "எங்களுடையதைப் போட்டு ஒன்று விடுங்கள்" என்று கேட்பதுதான் அவள் உத்தியோகம்.

ஆரம்பத்தில் கூட்டாளிகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய மண்டபம் பிடித்து, மேடையில் எல்லோரும் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் கூத்து. ஒருவர் ஒரே ஒரு மாடல் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். இன்னொருவர் விற்காமல் கிடந்த பழைய போனின் முதுகுக்கு நீலச் சாயம் பூசி, புதுசு என்று தலையில் கட்டினார். மற்றவர்கள் அவள் பெயரைத் திரையில் பார்த்தாலே போனை எடுக்காமல் விட்டார்கள். போன் விற்கட்டும், ஆப் செய்கிறோம் என்றார்கள் ஆப் செய்கிறவர்கள். ஆப் வரட்டும், போன் செய்கிறோம் என்றார்கள் போன் செய்கிறவர்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் அவள் நடையாய் நடந்தாள். கடைசியில் மிஞ்சியது இந்த ஒரு தொழிற்சாலைதான்.

இதற்கெல்லாம் சோர்ந்து போகிறவள் அல்ல அவள். இளம் வயதில் அண்ணனின் போன் ரிப்பேர் கடையில் பில் போட உட்கார்ந்தவள். அண்ணன் காய்ச்சலில் படுத்த வாரம் தானே கடையைத் திறந்து, பற்றவைக்கும் கருவியைக் கையில் எடுத்து, வந்த போன்களையெல்லாம் சரிபண்ணி அனுப்பிவிட்டாள். அண்ணன் திரும்பி வந்து, "எழுந்திரு, என் இடம்" என்றார். "வேற ஸ்டூல் வாங்கிக்கோண்ணா" என்று தலை நிமிராமல் சொன்னாள். அண்ணன் வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் காலை அவள் தொழிற்சாலை முதலாளியைப் பார்க்கப் போனபோது வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. மேஜைமேல் அவளுடைய மென்பொருள் போட்ட புது மாதிரிப் போன், பட்டுத்துணி விரித்த பெட்டியில் நகை மாதிரி இருந்தது. எதிரில் அந்த இரண்டு பெரிய மென்பொருள் கம்பெனிகளில் ஒன்றின் ஆட்கள். முதலாளி போனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். வந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

கேமரா பிரிவு இன்ஜினியர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசில்ல. அந்தப் போனை விக்கறதுக்காகச் செய்யல. காட்டறதுக்காகச் செஞ்சோம்."

"யாருக்குக் காட்ட?"

"உள்ள இருக்காங்களே, அவங்களுக்குத்தான். உங்க மென்பொருளுக்கு வாங்கற கட்டணத்தைக் குறைங்க, இல்லேன்னா நாங்க மூணாவது ஆள்கிட்ட போயிடுவோம்னு மிரட்ட ஒரு சாக்கு வேணும்ல? அவங்க குறைச்சுட்டா நம்ம போன் பரண்லதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வருமென்றுதான் போனாள், வந்தது எரிச்சல். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்கள் கிளம்பியதும் நேராக உள்ளே போனாள்.

"சார், எங்க போனைக் காட்டி அங்க பேரம் பேசறீங்களாமே."

"யார் சொன்னது?"

"சுவர் சொல்லுச்சு."

முதலாளி பூசி மெழுகுகிற ஆள் இல்லை. "ஆமா, பேசறேன். நான் தொழில் பண்றேன்மா. உங்க கம்பெனிக்கு வாழ்வு கொடுக்கறேன்னு யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்கல."

"பேசுங்க சார், தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. சொத்தைப் போனைக் காட்டிப் பேசறீங்களே, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"சொத்தையா?"

அவள் அந்தப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். "போன வருஷக் கேமரா. ஓரத்துல வெளிச்சம் கசியற திரை. வந்தவங்க என்ன சின்னப் பிள்ளைங்களா? கையில வாங்கின உடனே தெரிஞ்சிருக்கும், இவரு இதை விக்கப் போறதில்ல, சும்மா பூச்சாண்டி காட்டறாருன்னு. ஒருத்தர் கொட்டாவியே விட்டாரு, பார்த்தீங்கல்ல? பயமுறுத்தறதுன்னா ஒழுங்கா பயமுறுத்துங்க. உங்ககிட்ட இருக்கற நல்ல கேமராவை, பெரிய பேட்டரியை இதுல போடுங்க. பெட்டி பெட்டியா கட்டி அடுக்குங்க. அப்புறம் கூப்பிட்டுக் காட்டுங்க. கொட்டாவி வருதான்னு பார்ப்போம்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்னதாம்மா வேலை? உங்க போனை விக்கறதா, என் பேரத்தை முடிச்சுக் கொடுக்கறதா?"

"போன் உருப்படியா வந்தா போதும் சார். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

போன் உருப்படியாகவே வந்தது. தாடி தன் பிரிவில் இருந்த நல்ல கேமராவை அதற்குப் பொருத்தினார். மென்பொருள் இலேசு, பேட்டரி பெரிது. இரண்டும் சேர்ந்ததில் போன் சார்ஜ் தீராமல் ஓடியது. பெட்டிகள் கிடங்கின் கூரையைத் தொட்டன. பெரிய கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை யாரும் கொட்டாவி விடவில்லை. கட்டணத்தைக் குறைத்துவிட்டுப் போனார்கள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். குரலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது.

"உன் புத்திக்கு நன்றிம்மா. பேரம் முடிஞ்சுது. அடுத்த வாரம் பெட்டிகளைப் பிரிச்சு, உங்க மென்பொருளை அழிச்சுட்டு அவங்களோடதைப் போட்டு விக்கப் போறேன். கடைக்காரங்க உங்களுதை வாங்க மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ண?"

"நான் ஆள் பிடிச்சுக் கொடுத்தா?"

"பிடி. பெட்டி பிரிக்கறதுக்குள்ள பிடி."

வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு யாரைக் கண்டாலும் கடிக்கலாம் போலிருந்தது. மகள் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, பெரிய கம்பெனி மென்பொருள் ஓடும் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கொடுத்த போனை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தவள் அவள். "என் கிளாஸ் மொத்தமும் இருக்கற ஆப்பே இதுல இல்லம்மா. நான் மட்டும் தனியா உக்காந்து என்ன பண்றது?" என்று கேட்டிருந்தாள். 

தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புதுப் போனை மேஜை டிராயரில் தேடினால் காணோம். கணவர் வேலை முடிந்து வந்து தோள்பையை இறக்கினார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருவார். பைக்குள்ளிருந்து அவர் எடுத்து வைத்தது அந்தப் போன்.

"ஏங்க, இது எப்படி உங்ககிட்ட?"

"சும்மாதானே கிடந்துச்சு, ஒரு வாரமா எடுத்துட்டுப் போறேன். திட்டாதே. என் போன் மத்தியானமே மூச்சை விட்டுடுது. அடுத்த வீடு எங்கன்னு பார்க்கக்கூடச் சார்ஜ் இருக்காது. இது பாரு, வீடு வந்து சேர்ந்த அப்புறமும் பாதி இருக்கு."

"ஆப் எதுவும் இல்லையேன்னு கஷ்டமா இல்லையா?"

"எனக்கு எத்தனை ஆப் வேணும்? பேசணும். வழி காட்டணும். ரத்தம் எடுத்த குப்பியில ஒட்டியிருக்கற பார்கோடைக் கேமரா படிக்கணும். அது எங்க வெப்சைட்டுலேயே இருக்கு, திறந்தா வேலை செய்யுது. என் பழைய போன் அந்த பார்கோடைப் படிக்கறதுக்குள்ள நோயாளி தூங்கிடுவாரு."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள். ஆயிரம் ஆப் கேட்கிறவர்களிடமே போய்ப் போய்க் கைநீட்டியிருக்கிறாள். நாலு காரியம் போதும், சாயங்காலம்வரை உயிரோடிருந்தால் போதும் என்கிற ஆள் தன் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை அவரோடு வண்டியில் தொற்றிக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். அதை நடத்துகிற டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "உங்க கம்பெனியே ஆட்டம் கண்டுக்கிட்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கு இழுத்து மூடிட்டா நான் யாரைப் போய்ப் பிடிக்கறது?"

"என்னைப் பிடிங்க. ரிப்பேர் பெஞ்சுல உக்காந்தவ நான். கம்பெனி போனாலும் நான் எங்கேயும் போக மாட்டேன். முதல்ல உங்க ஆளுங்க சிலர்கிட்ட கொடுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க."

கொடுத்தார். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கிடைக்காதவர்கள்தான் வந்து சண்டை போட்டார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, எல்லாக் கிளைகளுக்கும் வேண்டும் என்றார். சொன்ன வாய் மூடுமுன் தாடியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பெட்டியைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரம் வாங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது கிடங்கில் கத்திகள் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தன. சொல்லிப் பார்த்தாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்கெட்டிய பெட்டியடுக்கின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்குங்கக்கா" என்று கெஞ்சினார் சூப்பர்வைசர். "மேல இருந்து வந்த ஆர்டர்."

"மேல நான்தான் உக்காந்திருக்கேன். நான் எந்த ஆர்டரும் போடலையே."

பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவள் இறங்கவில்லை. அங்கிருந்தே டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, போனை முதலாளியிடம் நீட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார், "சரிங்க டாக்டர்" என்று பலமுறை சொன்னார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இறங்கும்மா. பிரிக்கல. விக்கற பொருளை யாராவது பிரிப்பாங்களா? ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த தடவை அவங்க கட்டணத்தை ஏத்தினா, மறுபடி இந்தப் போனைத்தான் காட்டுவேன்."

"தாராளமா காட்டுங்க. காட்டிட்டு விக்கவும் செய்ங்க."

பிரித்த பெட்டிகளுக்கு அவளே உட்கார்ந்து டேப் ஒட்டினாள்.

இதைக் கேட்டுத் தலைமை அலுவலகம் குளிர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தாள். நடந்தது வேறு. சில மாதங்கள் கழித்துத் திரையில் கூட்டம் கூட்டினார்கள். கூட்டாளிகள் பிரிவுத் தலைவர் இஸ்திரி கலையாத சட்டையில் வந்து, கடையில் விற்கும் போன்களுக்கு மென்பொருள் கொடுப்பதை நிறுத்துகிறோம், விற்றுவிட்ட போன்களுக்கு அப்டேட் அனுப்புவதையும் நிறுத்துகிறோம் என்றார். காரணமும் சொன்னார்: "நம்ம பார்ட்னர்கள் நம்மைக் கைவிட்டுட்டாங்க."

 அவள் மைக்கைத் திறந்தாள்.

"கைவிட்டாங்கன்னு சொல்லாதீங்க சார். அவங்களுக்கு ஆயிரம் போன், அதுல நம்மளுது ஒண்ணு. நமக்கு அவங்களை விட்டா ஆளே கிடையாது. அது தெரிஞ்சும், இதை யாருக்காகச் செய்யணும்னு நாம அவங்ககிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கோமா? பெரிய கம்பெனிங்களோட போன் மாதிரியே ஒண்ணு செய்ங்கன்னுதானே கேட்டோம்?"

"அதெல்லாம் முடிஞ்ச கதை. அப்டேட் நிக்கறதை உங்க தொழிற்சாலைக்குத் தெரிவிச்சுடுங்க."

"நான் தெரிவிக்க மாட்டேன். இந்தப் போனை நம்பி ரத்தக் குப்பியோட தெருத்தெருவா போறவங்க இருக்காங்க. நிறுத்தறதுன்னா நீங்க வாங்க. அவங்க முன்னாடி நின்னு நீங்களே சொல்லுங்க. கூட்டிட்டுப் போக நான் ரெடி."

தலைவர் கூட்டத்தை அத்தோடு முடித்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள்; கணவரிடமும் அப்படியே சொன்னாள். "போனா போகுது, நல்லா கேட்டே" என்றார் அவர். ஆனால் வேலை போகவில்லை. கடைகளுக்கான போன் நின்றது நின்றதுதான். மகளின் தோழிகள் கையில் அந்த மென்பொருளைப் பார்க்க வேண்டும் என்று அவள் வைத்திருந்த ஆசை அத்தோடு போயிற்று. அது அவளுக்கு இன்னமும் வலிக்கும். வேலைக்காகப் பயன்படுத்துகிறவர்கள் கையில் இருக்கும் போன்களுக்கு மட்டும் ஒரு சின்னக் குழுவை விட்டுவைத்தார்கள். அதற்கு அவளையே பொறுப்பாக்கினார்கள். யார் போய்ச் சொல்வது என்ற பயமாகவும் இருக்கலாம். மீட்டர் பார்க்கிறவர்கள், கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். இரண்டு பெரிய கம்பெனிக்காரர்களும் இதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அவளும் அவர்களைக் கவனிப்பதை விட்டுவிட்டாள்.

அடுத்த மாடலுக்கான முதல் நாள், பை நிறைய ரப்பர் கையுறைகளோடு தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். ரத்தம் எடுக்கிறவர்கள் கையுறையைக் கழற்றாமலே திரையைத் தொட முடிய வேண்டும் என்பது டாக்டரம்மாவின் நிபந்தனை.

தாடி ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு திரையைத் தட்டினார். அசையவில்லை. இன்னொரு திரையைத் தட்டினார். அதுவும் அசையவில்லை.

"இது நடக்கும்னு நினைக்கறீங்களாக்கா?"

"உங்க கை வேர்த்திருக்கு. கழட்டுங்க, அதை விட மெல்லிசா ஒண்ணு இருக்கு" என்று பைக்குள் கையை விட்டாள்.