வாண்டாவுக்கு ஒரு கூடை

அப்பா செய்த பெட்டிக்குள் எறும்பு நுழைந்தால், அது எறும்பின் கெட்டிக்காரத்தனமே தவிர அப்பாவின் குறை இல்லை என்று பள்ளத்தூரில் பேச்சு. இரண்டு மரத்தைப் பொருத்தினால் ஒரே மரமாகத் தெரிய வேண்டும் அவருக்கு. ஆசாரி மகள் என்று பள்ளிக்கூடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததெல்லாம் அந்தப் பொருத்துகளை நம்பித்தான்.

அந்தமானில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு செடி கொண்டுவந்தார். வாண்டா என்று பெயராம். தீவுக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, மண்ணே இல்லாமல், வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழும் ஆர்க்கிட் இனம். தேக்குக் கூடையில் வைத்துத் தொங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மாமா ரயிலேறிவிட்டார். நகை கேட்காத, புடவை கேட்காத அம்மா, அந்தச் செடியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு திரிந்தாள்.

அப்பா கூடை செய்தார். அவர் செய்தால் கேட்க வேண்டுமா? தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுக் கசியாது. வார்னிஷ் வேறு அடித்துப் பளபளவென்று கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே வேர்கள் கறுத்து அழுகத் தொடங்கின.

அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “இம்புட்டு இறுக்கமா அடிச்சிருக்கீக, அது மூச்சு விட வேணாமா? விரல் நுழையிற மாதிரி சந்து விட்டு அடிச்சுக் குடுங்க.”

“சந்து விட்டு அடிக்க ஆசாரி எதுக்கு?” என்று அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

நான் அப்பா கட்சி. ஒரு செடி போனால் இன்னொரு செடி வரும், மானம் போனால் வருமா?

அம்மா சண்டை போடவில்லை. அழுகிய வேர்களைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

மறுநாள் பட்டறையில் அப்பா அந்தக் கூடையைத் தன் கையாலேயே பிரித்தார். மரத்தைச் சட்டங்களாக அறுத்து, சட்டத்துக்குச் சட்டம் ஒரு விரல் இடைவெளி விட்டு அடித்தார். புது வீட்டுக்கு நிலைக்கதவு சொல்ல வந்திருந்த காரைக்குடிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட வேலை செய்த சித்தப்பா சும்மா இருப்பாரா?

“என்னண்ணே, கண்ணாடி மாத்தணுமோ? பொருத்தெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது!”

பட்டறையே சிரித்தது. வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆளை நம்பிக் கதவைக் கொடுக்கலாமா என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

“இது எங்கப்பா அடிச்சது இல்ல!”

“நான்தான் அடிச்சேன்” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமலே. செடிக்காக என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. காரைக்குடிக்காரர் “பெறகு வாரேன்” என்று போனவர்தான்.

செடி பிழைத்துக்கொண்டது. மழைக்காலம் முடிந்ததும் நீலமாகப் பூத்தது. அம்மா கூடையை வாசலிலேயே தொங்கவிட்டாள். வருகிறவர்கள் பூவைப் பார்த்து வியந்தால், அவள் சட்டங்களின் சந்துக்குள் விரலை விட்டுக் காட்டி, “இவுக அடிச்சது” என்பாள். ஊர் பார்க்க அப்பாவின் மானத்தை இப்படி வாங்குகிறாளே, கொல்லைப் பக்கம் தொங்கவிட்டால் என்ன என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்பாவோ அதைக் கேட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷருக்கு ரோஷமே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.