முதல் வளையலும் ஜன்னல் சீட்டும்

என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் ரயிலில் ஒருநாள்கூட நின்று வந்ததில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பம்பாயில் வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ், செம்பூரில் வீடு. சாயங்கால ஹார்பர் லைனில், லேடீஸ் டப்பாவில், எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில், தினமும் எனக்கு ஜன்னல் சீட். "எல்லாம் பிள்ளை கொண்டுவந்த யோகம்" என்பேன். மகளுக்குப் பெருமை தாங்காது.

அதே மாதங்களிலிருந்து இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன். என் நாத்தனார், கணவரின் தங்கை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். வாசலில் செருப்பை உதறிக்கொண்டே மாமியார் முன்னால் சொன்னாள்: "மகாராணி உக்காந்தே வந்துட்டாவ. தண்ணியும் கையில கொண்டு கொடுக்கணுமாம்."

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை நினைவில் நிற்கிறது. மூன்று. அவள் கல்யாணமாகி நெருளுக்குப் போனாள். நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம், சிரித்துக்கொள்வோம். ஆனால் அந்த 'மகாராணி'யை இருபத்தேழு வருடம் முந்தானையில் முடிந்தே வைத்திருந்தேன். என்னை வீட்டில் யானை என்று கேலி செய்வார்கள், உடம்புக்காக அல்ல, ஞாபகத்துக்காக.

இந்த வருடம் மகளுக்கு வளைகாப்பு. செம்பூரிலேயே ஒரு ஹால் பிடித்திருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதல் வளையலை அத்தைதான் போடவேண்டும். நான் காலையிலேயே என் அக்காவிடம், "நீயே போட்டுரு, அவ நெருள்லேருந்து எப்ப வருவாளோ" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலி எண்ணப் போனார். அவர் தங்கைக்கு நான் செய்வது அவமானம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாத்தனார் நேரத்துக்கே வந்துவிட்டாள். முழங்கால் வலி, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அவளைக் கண்டதும் முன்வரிசையிலிருந்து ஒரு கூச்சல். "அரே, ரிட்டன்வாலி!" என் பழைய ரயில் சிநேகிதி. மராட்டிக்காரி, அந்தக் காலத்தில் எங்கள் டப்பாவில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டே வருவாள். எழுந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு மகளைப் பார்க்க மேடைக்குப் போனாள்.

"உனக்கு அவளை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சிநேகிதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ரிட்டன் என்றால் பம்பாயில் ரயில் ஏறியவர்களுக்குத் தெரியும். கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் முண்டியடிக்காமல், முந்தைய ஸ்டேஷனிலேயே எதிர்த்திசை வண்டியில் ஏறி உட்கார்ந்து வி.டி. வந்து, இறங்காமல் அதே வண்டியில் திரும்புவது. நாத்தனாருக்கு அப்போது வி.டி.க்கு முந்தைய ஸ்டேஷனான மஸ்ஜித்தில் வேலை. நேராக வீட்டுக்குப் போகும் வண்டியை விட்டுவிட்டு, தினமும் எதிர்ப்பக்கம் ஏறி, சண்டை போட்டு ஜன்னலைப் பிடிப்பாளாம். வி.டி.யில் நான் ஏறியதும் எழுந்துகொள்வாளாம். செம்பூர் வரைக்கும் நின்றே வருவாளாம். "மூன்று பேருக்கு நாலாவதாக ஃபோர்த் சீட்டிலாவது ஒட்டிக்கோ என்று எத்தனை தடவை சொன்னேன்! அண்ணியின் வயிறு நசுங்கும் என்று மாட்டவே மாட்டாள்" என்றாள் சிநேகிதி, இந்தியில்.

எனக்குத் தெரியாமல் நடந்த காரியமா இது? தினமும் அவள் எழுந்த சீட்டில்தானே உட்கார்ந்தேன்? தெரிந்துதான் இருந்திருக்கும். முதல் சில தடவை இந்தக் கதையைச் சொன்னபோது அவளும் அதில் இருந்திருப்பாள். சொல்லச் சொல்ல அவள் உதிர்ந்துபோய், பிள்ளையின் யோகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். வண்டி பிளாட்ஃபாரத்துக்குள் வரும்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை ஆடும், நீல டிபன் பை பிடித்த கை. அது அவள் கைதான். இது நிஜமாகவே ஞாபகமா, அல்லது சிநேகிதி சொன்ன பிறகு நானே போட்டுக்கொண்ட படமா என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்த 'மகாராணி' நாளில் அவள் வாசலில் செருப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவளும் அப்போதுதான் என் பின்னாலேயே வந்திருந்தாள். கால் கடுத்தவள் சொன்ன சொல் அது. விசிலை எண்ணிய யானைக்கு அது தெரியவில்லை.

அக்கா வளையல் தட்டோடு மேடையில் நின்றாள். நான் போய்த் தட்டை வாங்கினேன். மகளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்குப் போட்டது. நாத்தனாரை அதில் பிடித்து உட்காரவைத்தேன்.

"மொத வளையல் நீ போடு, ஏட்டி."

"அக்கா போடட்டும் மதினி, மூத்தவிய. நீங்க உக்காருங்க. ஏன் நிக்கிய?"

"நீ செம்பூர் வரைக்கும் நின்னியே தினமும். ஒரு வளையல் போடுற நேரம் நான் நிக்க மாட்டேனா?"

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கண் நிறைந்துவிட்டது. "அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்கியளா மதினி?"

"எப்படிட்டி மறப்பேன்?" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நன்றியோடு சொன்ன பொய் வேறில்லை. அவள் ஒரு பச்சை வளையலை எடுத்து என் மகளின் கையில் ஏற்றினாள். நான் நின்றுகொண்டே பார்த்தேன்.