கரியில் ஓடிய இஸ்திரி வண்டி

தெருவில் அவருக்கு இஞ்சினியர் என்று பெயர். இஞ்சினியரிங் படித்துப் பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்த அவருடைய மகளுக்கோ இஸ்திரிக்காரர் மகள் என்றுதான் பெயர். இதிலிருந்த அநியாயம் அவருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் யாராவது "இஞ்சினியரே!" என்று கூப்பிட்டால் தலை தானாகத் திரும்பிவிடும். அதற்கு அவர் என்ன செய்வார்?

பெயர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. ஒருமுறை பழைய ஸ்கூட்டரின் சைலன்சர் மேல் இஸ்திரிப் பெட்டியைக் கட்டி, போகிற வழியிலேயே சூடேற்றிப் பார்த்தார். பெட்டி நன்றாகவே சூடானது. சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்த வாத்தியார், "இது எந்த பஸ்ல வந்துச்சு?" என்று கேட்டார். அப்புறம், சைக்கிள் பெடலை மிதித்தால் கரிக்குக் காற்று ஊதும் விசிறி ஒன்று. ஒருவர் இஸ்திரி போட இன்னொருவர் மிதிக்க வேண்டும். மிதிக்க மாட்டேன் என்று மனைவி சொன்னதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

இந்த நிலையில்தான் லாட்ஜ் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். இப்போது சலவைக்கு எடுக்கிற சைக்கிள்காரன் படுக்கை விரிப்புகளைப் பாதி பாதியாகக் கொண்டுவந்து உயிரை எடுக்கிறான். எல்லாவற்றையும் ஒரே நடையில், காலையிலேயே, வெள்ளைவெளேரென்று கொண்டுவந்து இறக்கினால் வேலை முழுக்க உனக்கு. மனைவிக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை. லாட்ஜ் வேலை கிடைத்தால் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு நிற்க வேண்டாம். மழை வந்தால் ஒதுங்க, கதவு வைத்த ஒரு கடை எடுக்கலாம்.

காயலான் கடையில் கிடந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று ஏற்கெனவே அவர் வசம் வந்திருந்தது. பெட்ரோல் ஊற்றத்தான் கட்டுப்படியாகாது. வீட்டில் குறைவில்லாமல் இருந்தது கரி ஒன்றுதான்.

"போர்க்காலத்துல பெட்ரோல் கிடைக்காம காரெல்லாம் கரி வாயுல ஓட்டியிருக்காங்கப்பா" என்றாள் மகள்.

"அப்பவே ஓட்டிட்டாங்களா?" அவர் முகம் சற்றுத் தொங்கிப்போயிற்று. "பரவால்ல, இஸ்திரி வண்டி ஓட்டியிருக்க மாட்டாங்க."

ஒரு தகர டிரம்மைக் கரி உலையாக்கி, கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்று டிரைவர் சீட்டுக்கு முன்னால் பொருத்தினார்கள். உலையில் அரைகுறையாக எரிந்த கரியின் வாயு, பழைய கம்பளித் துணிகளால் ஆன வடிகட்டியில் நுழைந்து எஞ்சினுக்குப் போனது. எஞ்சினுக்குள் ஒரு பொட்டுக் கரி போய்விடக்கூடாது என்று அப்பாவும் மகளும் பச்சைக் குழந்தைக்குப் பால் வடிகட்டுவதுபோல வடிகட்டினார்கள். செங்கல் ஏற்றி மைதானத்தைச் சுற்றினார்கள். வண்டி சுமையை இழுத்தது.

"இஞ்சினியரே, வண்டி இழுக்குதா, இருமுதா?" என்றார் தையல்காரர்.

"இருமிக்கிட்டே இழுக்குது. உங்க மெஷின் மாதிரி."

அந்த நாளும் வந்தது. மூவரும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கிய லாட்ஜ் விரிப்புகளுக்கு மேலும் பக்கவாட்டிலும் துணி போர்த்தினாள் மனைவி. முன்பக்கத்துக்குத்தான் சீட்டின் முதுகு இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

முதல் மேட்டிலேயே எஞ்சின் சோர்ந்தது. அவர் கை தானாக வேலை செய்தது. மேசையில் கனல் மங்கினால் பெட்டியை வீசிச் சாம்பலை உதறுவாரே, அதேபோல ஓடுகிற வண்டியிலேயே உலையின் அடிக்கதவைத் திறந்து, கரியைத் தாங்கும் சல்லடையை உலுக்கினார். கனல் சிவந்தது. வண்டி பாய்ந்தது. அப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் ஓர் உலுக்கல். எங்கும் நிற்காமல், சைக்கிள்காரனை வழியில் முந்திக்கொண்டு லாட்ஜ் வாசலில் போய் நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

மேனேஜர் மேலே இருந்த விரிப்பை எடுத்து உதறினார். மடிப்பு விளிம்பு வந்த இடத்திலெல்லாம், அளந்து அடித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. அடுத்ததிலும் அதே கோடு.

"கோடு போட்டதா நான் கேட்டேன்?"

மேசையில் சாம்பலை உதறும்போது துணி எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் உதறுவார். ஓடுகிற வண்டி தன் காற்றைத் தானே உண்டாக்கி, உதறிய கரித்தூளைப் பின்னால் இருக்கும் துணி மேலேயே வீசும் என்பது, நின்ற இடத்திலேயே காலம் தள்ளியவருக்குத் தோன்றவில்லை. மகளுக்காவது தோன்றியிருக்க வேண்டும். பரீட்சையில் அதை யாரும் கேட்கவில்லை. செங்கல்லில் ஏறியிருந்த கரியும் யார் கண்ணிலும் படவில்லை.

"சார், சாம்பல் கலர் விரிப்பு வாங்கிட்டா நமக்குள்ள பிரச்சினையே வராது" என்று சொல்லிப் பார்த்தார். மேனேஜர் சைக்கிள்காரன் வருகிறானா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

வீட்டில் மனைவி விரிப்புகளைப் பிரித்துப் பார்த்தாள். "வேலை?"

"வண்டி எங்கயும் நிக்கல, தெரியுமா."

"நான் வேலையக் கேட்டேன்."

அவர் வாளியைத் தேடிப் போனார். மகள் வடிகட்டியைக் கழற்றி எஞ்சினுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரலில் ஒரு பொட்டுக் கரி இல்லை. "அம்மா, எஞ்சின் சுத்தமா இருக்கு. உலையை மட்டும் பின்னால மாத்திட்டா..."

"ஏன்டி, இந்த வீட்டுக்கு ஒரு இஞ்சினியர் பத்தாதா? நீயுமா?"

அவரை அப்படித் திட்டுவது வழக்கம்தான், காதில் விழாது. ஆனால் மகள் நிமிர்ந்தாள். பட்டம் வாங்கியதிலிருந்து அவளை யாரும் இஞ்சினியர் என்று சொன்னதில்லை. அவள் சிரிப்பதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு, கோடு விழுந்த முதல் விரிப்பை வாளியில் போட்டு முக்கினார்.