பெரியக்காவுக்குப் பேச்சு நின்ற கதை

பெரியக்காவுக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டது என்ற செய்தியை மைக்கம்மாவிடம் சொன்னவர் ஒலிப்பதிவாளர். வைத்தியர் யாரும் பார்த்துச் சொன்னதில்லை, கதாசிரியர் எழுதிச் சொன்னது. பெரியக்கா சீரியலில் வருகிறவள். பதினான்கு வருடமாக அவளுக்குக் குரல் கொடுத்தவள் மைக்கம்மா. முகம் வேறொருத்தியுடையது.

"எப்ப சரியாகும்?" என்று கேட்டாள் மைக்கம்மா, கூடப்பிறந்தவளுக்கு வந்துவிட்டதைப் போல.

"சரியாகாதும்மா. இனிமே முகம் மட்டும் போதுமாம். சக்கர நாற்காலியில சும்மா உக்காந்திருப்பாங்களாம். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. என் வாயால சொல்ல வேண்டியதாப் போச்சு."

அவள் வெந்நீர் ஃபிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பெரியக்காவுக்கு இந்தக் கதி வரும் என்று ஆரம்பத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். முதல் வருடத்தில் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தம்பிகள் மூன்று பேரும் அவள் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார்கள். நாளொன்றுக்கு எட்டுப் பக்க வசனம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, தம்பி பெண்டாட்டியை வீட்டை விட்டு விரட்டுவாள். மைக்கம்மாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். ஆறாம் வருடம் புதிதாக ஒரு வில்லி வந்தாள். புது வில்லி வந்தால் பழைய வில்லி திருந்திவிட வேண்டும், அது சீரியல் தர்மம். பெரியக்காவும் திருந்தினாள். திருந்தியவளுக்கு என்ன வசனம் இருக்கப்போகிறது? எட்டுப் பக்கம் இரண்டாயிற்று. ஒன்பதாம் வருடம் ஒப்புக்குச் சப்பாணியாக மாடிப்படியில் நின்று "அங்க என்ன சத்தம்?" என்று கேட்பதோடு சரி. அதற்குப் பதில் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. பிறகு சக்கர நாற்காலி வந்தது. "தண்ணி குடு" என்பாள், அவ்வளவுதான்.

மைக்கம்மாவுக்கு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. புருஷன் போய் இருபது வருடம். மகன் தூர தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்டியாம்மா?" என்பான், "சாப்டேன்" என்றதும் வைத்துவிடுவான். ஊருக்கே கேட்கப் பேசுகிறவள் வீட்டில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். காய்கறிக் கடைக்காரர் ஒருமுறை, "உங்க குரல் அப்படியே பெரியக்கா குரல் மாதிரி இருக்கு" என்றார். அவள் பூரித்துப்போவதற்குள், "ஆனா அந்தம்மா லட்சணமா இருப்பாங்க" என்று முடித்தார்.

இருந்தாலும் அவளுக்கு ஒரு துணை இருந்தது, காதுக்குள். நடிகைக்கு இந்தப் பாஷை சொந்தமில்லை. படப்பிடிப்பில் உதவி இயக்குநர் வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார், அவள் திருப்பிச் சொல்வாள். அந்தச் சத்தம் ஹெட்போனில் வரும். உதட்டைப் பார்த்து மைக்கம்மா அதன்மேல் பேச வேண்டும். ஊர் கேட்டது மைக்கம்மாவின் குரலை. நடிகையின் சொந்தக் குரலைத் தினமும் உட்கார்ந்து கேட்டவள் மைக்கம்மா. ஜலதோஷம் என்றால் தெரியும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் தெரியும். அழுதுவிட்டு வந்திருந்தால் அதுவும் தெரியும். இரண்டு பேரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

பத்தாம் வருடத்திலிருந்து இன்னொன்றும் தெரிய ஆரம்பித்தது. சொல்லிக்கொடுத்த வரி பாதியில் நிற்கும். கண் இங்கும் அங்கும் தேடும். உதவி இயக்குநர்கள் வருடத்துக்கு ஒருவர் மாறுவார்கள், பழையதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியும்? "அவங்களுக்கு பாஷை வராது, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். மைக்கம்மா பார்த்துக்கொண்டாள். நின்ற இடத்தில் ஒரு பெருமூச்சு, ஒரு இருமல், "என்னத்தச் சொல்ல" என்று ஒரு இழுவை. பெரியக்காவின் அரைகுறைப் பேச்சு அவ்வளவு இயல்பு என்று விருதுகூடக் கொடுத்தார்கள், முகத்துக்கு. மறந்துபோவது பாஷை மட்டுமில்லை என்று மைக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் மூச்சுவிடவில்லை. இரக்கம் பாதி. வெளியே தெரிந்தால் மறுவாரமே பெரியக்காவை லாரி மோதிச் சாகடித்துவிடுவார்கள், தன் பிழைப்பும் போகும் என்ற பயம் பாதி.

வேலை நின்ற இரண்டாவது வாரம் பால்காரர் கதவைத் தட்டினார். "வரேன்" என்றாள். குரல் எழும்பவில்லை. மூன்று நாளாகப் பேசாத தொண்டை. அவளுக்குப் பயமாக இருந்தது. படப்பிடிப்புக்கே போய் இயக்குநரிடம் கேட்டுவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள். நாளொன்றுக்கு ஒரே ஒரு வரி கொடுத்தால் போதும். "அப்பாடா" என்றால்கூடச் சரிதான்.

டிவியில் அரண்மனையாகத் தெரிந்த வீடு, பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் முட்டுக்கொடுத்த ப்ளைவுட்டாக இருந்தது. இயக்குநர் வேலையாக இருந்தார். ஓரத்தில், விளக்குக் கம்பங்களுக்கும் மடித்துச் சாத்திய நாற்காலிகளுக்கும் நடுவே பெரியக்கா. வசனம் இல்லாதவளோடு யாருக்கு என்ன பேச்சு? பவுடர் போட்டு அங்கே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள்.

மைக்கம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னைக்கு எனக்கு என்ன டயலாக்?" என்றாள் நடிகை. காதுக்குள் கேட்டுக்கேட்டுப் பழகிய அதே குரல்.

அந்தப் பக்கமாகப் போன உதவி இயக்குநர் நிற்காமலே சொன்னார். "உங்களுக்கு டயலாக் இல்லம்மா. காலையிலேர்ந்து பத்து தடவை சொல்லிட்டேன்."

நடிகையின் முகம் வாடிவிட்டது. "இல்லையா? ஏன்? நான் சரியா பண்ணலையா?"

பத்துத் தடவையும் இப்படித்தான் கேட்டிருப்பாள், பத்துத் தடவையும் முதல் தடவையாக.

"யார் சொன்னா? இருக்கு. நான் சொல்லித் தரேன்" என்று மைக்கம்மா ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். "'ஜன்னலைத் திற, காத்து வரட்டும்.' எங்க, சொல்லுங்க."

"ஜன்னலைத் திற..." நின்றது. கண் தேடியது.

"காத்து வரட்டும்" என்று மைக்கம்மா எடுத்துக்கொடுத்தாள். நடிகையின் உதடு கூடவே அசைந்தது. சொல்லி முடித்ததும் சிரித்தாள்.

"அடடே, மைக்கம்மாவா! என்ன இவ்வளவு தூரம்?" என்று இயக்குநர் வந்தார். அவள் எழுந்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே அவளைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"இவங்களால முடியாது, இப்ப நீங்களே பாத்தீங்க. ஒண்ணு பண்ணலாம். ஆபரேஷன் பண்ணிப் பேச்சு வந்துடுச்சுன்னு காட்டி, வேற ஆளைப் போட்டுடலாம். குரல் நீங்கதானே? குரல் மாறலைன்னா ஜனங்க ரெண்டே வாரத்துல பழைய முகத்தை மறந்துடுவாங்க. தினம் நாலு பக்கம் தரேன். என்ன சொல்றீங்க?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான். ஒரு வரி கேட்க வந்தவளுக்கு நாலு பக்கம். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இவங்க என்ன ஆவாங்க சார்?"

"வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்ல யாரும் இல்லைன்னு கேள்வி. நாம என்னம்மா பண்றது?"

யாரும் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று மைக்கம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே திட்டவாவது ஒரு உதவி இயக்குநர் இருக்கிறார்.

"வேணாம் சார். வாதமாவே இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் வந்து கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கேக்க மாட்டேன்."

சக்கர நாற்காலியைக் கூடத்துக்குத் தள்ளிப்போனார்கள். மற்றவர்களுக்கெல்லாம் சொந்தக் குரல், அங்கேயே பதிவாகிறது. "சைலன்ஸ்" என்று கத்தினார்கள். மைக்கம்மா கேமராவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். தம்பிகள் சொத்தைப் பிரிக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். பெரியக்கா அவர்களைப் பார்க்கவில்லை. அவள் கண் கேமராவைத் தாண்டி வந்து, மைக்கம்மாவைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது. உதடு லேசாகப் பிரிந்தது. மைக்கம்மா வரியை எடுத்துக்கொடுப்பாள் என்று காத்திருந்தாள்.

மைக்கம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, "கட்" என்ற சத்தம் வரும்வரை அப்படியே நின்றாள்.