பேர் வெட்ட வந்த சீர்ப் பாத்திரங்கள்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். பேகம்பூர் போகிற வழியில் எங்களுக்கு வாடகை இடத்தில் சின்னதாக ஒரு பாத்திரக்கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் வீட்டுக்காரர் பேப்பரில் வணிகப் பக்கத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

"சனங்க செலவு பண்றது ரொம்பக் கூடிருச்சாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ஊர் சனங்களோ. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏசி போட்டு மூன்று மாடியில் பெரிய கடை வந்ததிலிருந்து நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் செமினரியில் சாமியாருக்குப் படிக்கப் போய் பாதியில் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்தது லத்தீன் ஒன்றுதான். செய்தியில் வரும் இங்கிலீஷ் வார்த்தையைத் தோண்டாமல் விடமாட்டார். அன்றைக்குச் சிக்கியது கஸ்டமர்.

"லத்தீன்ல கொன்சுவெத்தூதோன்னு ஒரு வார்த்தை. பழக்கம்னு அர்த்தம். அதுல இருந்து வந்ததுதான். பழகுன கடைக்கே திரும்பத் திரும்ப வாரவன்."

"வந்தா சரி," என்றேன்.

நாங்கள் எதிர்பார்த்தது ஒரே ஒருத்தியை. அய்யலூரில் ஆட்டு வியாபாரம் பார்க்கும் குடும்பம். பிள்ளைகளுக்குக் காதுகுத்து, சடங்கு, புதுவீடு என்று எது வந்தாலும் பாத்திரம் எங்களிடம்தான் எடுப்பாள். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தச் சீர் வந்தால் இன்னும் ஒரு வருஷம் கடையை ஓட்டலாம், வராவிட்டால் காலிபண்ணிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

வந்தாள். ஆட்டோ நிறையப் பாத்திரத்தோடு வந்தாள். குடம், அண்டா, தூக்குவாளி எல்லாவற்றிலும் அந்தப் பெரிய கடை ஸ்டிக்கர் பளபளத்தது.

"அண்ணே, புள்ள பேரும் மாப்ள பேரும் வெட்டிக் குடுங்க. ஒங்க எழுத்துத்தான் எங்களுக்கு ராசி."

அவர் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துவிட்டுப் பேர் வெட்டும் மெஷினைப் போட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நம்ம கடை கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் முகம் சுண்டிப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீகக்கா. இந்தவாட்டி கை ரொம்பக் கடிக்குது. ஒங்ககிட்ட வந்தா கொறச்சுக் கேக்கணும். இம்புட்டு நாள் பழகிட்டு ஒங்ககிட்ட எப்படிக்கா பேரம் பேசுறது? அங்கன்னா யாரு எவருன்னு தெரியாது. அவனே தள்ளுபடின்னு போர்டு வச்சிருக்கான்."

எனக்குக் கோபம் போய் அசதிதான் வந்தது. மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. கடைசித் தூக்குவாளியை முடித்ததும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"கல்யாணத்துக்கு முந்துன நாளே வந்துரணும் ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அவர் கையிலிருந்த எவர்சில்வர் தூளைத் தட்டிவிட்டு, "கட்டட ஓனர்ட்ட நானே சொல்லிர்றேன்," என்றார். சரி என்றேன்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாங்கின விலைக்கே கொடுத்திருப்போம். அதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. கல்யாண வீட்டுக்காரி, சொன்னால் சங்கடப்படுவாள்.