சம்பந்தி தோற்ற கேரம்

போன ஞாயிறு திருத்துறைப்பூண்டியில் வாங்கிய அடியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. கேரம் போர்டில்தான்... ஆனாலும் அடி அடிதானே?

என் பையனுக்குப் பெண் எடுக்கும் வீடு அது. பெண்ணின் அப்பா நெல் விவசாயி, நல்ல மனிதர். பேச்சுவார்த்தை தொடங்கியதிலிருந்து நான் எப்போது போனாலும் காபிக்குப் பிறகு கேரம் போர்டு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயித்தேன். மனிதருக்கு ஸ்ட்ரைக்கரே பிடிக்க வரவில்லையே என்று வீட்டுக்கு வந்து பரிதாபப்பட்டும் இருக்கிறேன்.

நிச்சயம் முடிந்தது. கல்யாணம் எங்கே என்பதில் இழுபறி. எங்கள் ஊரான தஞ்சாவூரில்தான் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அவருக்கோ ஒரே பெண். சொந்த ஊரில் நடத்திப் பார்க்க ஆசை. நான் பெருந்தன்மையாக — அப்படித்தான் நினைத்துக்கொண்டேன் — ஒரு யோசனை சொன்னேன். ஒரே ஒரு கேரம் ஆட்டம். ஜெயித்தவர் ஊரில் கல்யாணம்.

அவர் போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டார்.

"நெசமாவே ஆடிரலாமா, சம்பந்தி?"

தாராளமாக என்றேன். என் கெட்ட வேளை!

முதல் அடி அவருடையது. வெள்ளைக் காய்கள் வரிசையாகப் பாக்கெட்டுக்குள் போயின. ரெட்டும் போனது. எனக்கு ஸ்ட்ரைக்கர் கைக்கே வரவில்லை. இத்தனை நாள் என்னிடம் தோற்றுக்கொண்டிருந்தவர் யார்?

வருங்கால மருமகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு ஆடவே தெரியாது என்றால் நீங்கள் ஜெயிப்பீர்களா என்று கேட்டாள். ஜெயிப்பேன். நன்றாக ஆடத் தெரிந்தும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று விட்டுக்கொடுத்திருந்தால்? அப்போதும் ஜெயிப்பேன்.

"ரெண்டுலயும் நீங்கதான் ஜெயிக்கிறீங்க, மாமா. அப்ப அதை வச்சு அப்பாவோட ஆட்டத்தைப் பத்தி என்ன தெரிஞ்சுக்க முடியும்?"

ஒன்றுமே முடியாதே! அத்தனை வெற்றியும் சேர்ந்து எனக்குச் சொன்னது, நான் மாப்பிள்ளையின் அப்பா என்பதைத்தான். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். மேலதிகாரியின் ஜோக்குக்கெல்லாம் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோமே, பாவம், அவர் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார்?

மனைவியிடம் என்ன சொல்வது என்ற கவலையோடு கிளம்பினேன். வாசல் வரை வந்த சம்பந்தி ஒரு நல்ல சேதி சொன்னார். முதல் தடவை போனபோது கொடுத்த கோதுமை அல்வாவை, பல்லில் ஒட்டி வாயே திறக்க முடியாத நிலையிலும், நான் ஓஹோ என்று புகழ்ந்திருந்தேன். அதன்பிறகு போகும்போதெல்லாம் அதே அல்வா. ஒவ்வொரு முறையும் தட்டைக் காலி செய்திருக்கிறேன்.

"நீங்க அவ்வளவு ரசிச்சுச் சாப்பிடுறீங்க. கல்யாணத்துக்கும் அந்த அல்வா கிண்டுற சமையல்காரரையே பேசிட்டேங்க."

கணக்கில் அவரும் என்னை மாதிரிதான்!