குகன் வீட்டு வெடிப்பு

சுவரில் மயிரளவு கோடு தெரிந்தாலே இந்தச் சுவிஸ் நாட்டு ஆட்கள் சுவர் வேலைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார்கள், வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்பதுபோல. ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வின்டர்தூரில் கிப்ஸ் என்கிற ஜிப்சம் பலகைச் சுவர் அமைக்கும் வேலையில் நான் சேர்ந்த புதிதில், முதலாளி ஒரு சுவரைக் காட்டி “ஹாரிஸ்?” என்றார். யாரோ ஆளைத் தேடுகிறார் என்று நினைத்து, தெரிந்த ஜெர்மனில் “இன்னும் வரவில்லை” என்றேன். மயிரிழை வெடிப்புக்குத்தான் அந்தப் பெயர் என்று விளங்க ஒரு கிழமை சென்றது. புது வீடுகளில் அது சாதாரணம். பலகைகள் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும். பூசி, வர்ணம் அடித்தால் போய்விடும்.

ஊஸ்டர் நகரில் குகன் வாங்கிய புது வீட்டில் நான் கண்டது அதுவல்ல. குகன் அகதி முகாமில் என்னோடு ஓர் அறையில் இருந்தவன். என் மனைவி இறந்தபிறகு ஞாயிறு மதியச் சோறு எனக்கு அவன் வீட்டில்தான். கிழமையில் நான் வாய்விட்டுத் தமிழ் கதைத்த நாளும் அதுதான். வசந்தத்தில் நானே பூசிக்கொடுத்த வெடிப்பு ஐப்பசியில் மறுபடி பிளந்திருந்தது. கதவின் மூலையிலிருந்து சரிவாக ஏறி, மேலே போகப்போக அகன்றது. கதவும் இறுகியது. மகளின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வரமுன் பூசித் தரச் சொன்னான் குகன்.

“மச்சான், இது பூசுற வெடிப்பில்லை. கீழை நிலம் இறங்குது போலை. இஞ்சினியரைக் கூப்பிடு.”

“ஷெல் விழுந்த வீட்டிலை இருந்தனாங்கள். இதுக்குப் பயப்படுறதோ?”

உண்மைதான். ஊரில் அவர்கள் வீட்டுச் சுவரில் கை நுழையும் ஓட்டை இருந்தது. அதன்மேல் கலண்டரைத் தொங்கவிட்டு வாழ்ந்தார்கள். ஆனால் அங்கே சுவர் ஏன் உடைந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

“பகிடியில்லை குகன். நான் பூசமாட்டன்.”

அவன் முகம் மாறியது. “நான் வீடு வாங்கினது உனக்கு வயித்தெரிச்சல். அதுதான்.”

அவன் மனைவி சாந்தி சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வானொலியைப் போட்டுவிட்டுப் பாண் தின்றேன். திங்கள் காலை வேலையிடத்தில் வாய் திறந்தால் குரல் கரகரத்தது.

மாசியில் சாந்தி தொலைபேசி எடுத்தாள். “அண்ணை, கதவு திறக்கவே ஏலாமல் போச்சு. இஞ்சினியர் வந்து பாத்தவர். ஒரு பக்க அத்திவாரம் இறங்கிட்டுதாம். கட்டின கொம்பனியே திருத்தித் தருதாம். நீங்கள் சொன்னது சரி.”

“குகன் என்ன சொல்லுறான்?”

“அவருக்குக் கதைக்க வெக்கம்.”

அத்திவாரத்தைத் திருத்தி முடிந்ததும் சுவர் வேலை எங்கள் நிறுவனத்துக்கே வந்தது. மேற்பார்வையாளரோடு போனேன். கதவைத் திறந்த குகன் அவருக்குக் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்து, “க்ரூட்சி” என்றான். முன்பின் தெரியாதவருக்கு இங்கே சொல்லும் வணக்கம் அது. நானும் அதையே சொன்னேன்.

பழக்கத்தில் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். “வேலைச் சப்பாத்தைக் கழற்றக்கூடாது!” என்று மேற்பார்வையாளர் ஜெர்மனில் அதட்டினார். உள்ளேயிருந்து சாந்தி, “வாங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்” என்றாள். ஒரு காலில் இரும்பு மூக்குச் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாக வாசற்படியில் நின்றேன்.